பாதிப் பெட்டி காற்று

1

மூன்று வாரமாக எங்கள் வீட்டுக்குப் பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. பெரியது, சின்னது, செருப்புப் பெட்டி அளவில் ஒன்று, கல்யாணப் பத்திரிகை அளவில் ஒன்று. எல்லாவற்றிலும் என் மகள் சமீனாவின் பெயர். பதினாறு வயதுப் பெண்ணுக்கு இத்தனை பெட்டிகளை யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டால், "அது என்னோடது டாட்" என்று சொல்லிவிட்டு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பின்னாலேயே கதவு சாத்தும் சத்தம் கேட்கும்.

நான் பிறந்தது கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில். மிளகு வியாபாரக் குடும்பம். பிரிக்காத பொட்டலம் ஒன்று வீட்டில் இருந்தால் எங்களுக்குச் சாப்பாடு இறங்காது. டொராண்டோவுக்குப் பக்கத்தில் வந்து குடியேறி இத்தனை காலம் ஆகியும் அந்தக் குணம் போகவில்லை. போகாததால்தான் வேலையும் கிடைத்தது. மளிகைக் கிடங்கு ஒன்றில் வந்து இறங்கும் சரக்கைச் சரிபார்க்கிறேன். சந்தேகப்படுவதற்கு இங்கே சம்பளம் தருகிறார்கள். ஊரில் சும்மா செய்துகொண்டிருந்தோம்.

ஒருநாள் வீட்டில் ஆள் இல்லாததால், பெட்டியைத் தபால் நிலையத்தில் வந்து வாங்கிக்கொள்ளுமாறு கதவில் சீட்டு ஒட்டியிருந்தார்கள். இங்கே தபால் நிலையம் என்பது மருந்துக்கடையின் பின்பக்கத்தில் இருக்கும் ஒரு மேசைதான். சீட்டோடும் என் ஓட்டுநர் உரிமத்தோடும் போய் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் பெட்டியைப் பார்த்தார், உரிமத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது சமீனா ஷாஜகான் என்பவருக்கு வந்தது. நீங்கள் மிஸ்டர் கரீம் அல்லவா?"

விஷயம் இதுதான். என் பெயர் ஷாஜகான். கரீம் என்பது என் அத்தாவின் பெயர். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அப்பா பெயர் முன்னால் ஓர் எழுத்தாக நின்றால் போதும் என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கே அந்த ஓர் எழுத்தை இழுத்து நீட்டிக் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டார்கள். ஆகவே வங்கி, மருத்துவமனை, வேலை செய்யும் இடம் எல்லாவற்றிலும் என்னை அத்தா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மகள் பிறந்தபோது நம் வழக்கப்படி என் பெயரை அவளுக்குப் பின்னால் போட்டோம். அதனால் ஒரே வீட்டில் அப்பா வேறு குடும்பம், மகள் வேறு குடும்பம்.

இதை அந்த அம்மாளிடம் விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இறுகியது. கடைசியில், "அந்தப் பெண்ணே வந்து வாங்கிக்கொள்ளட்டும்" என்று பெட்டியை உள்ளே தள்ளிவைத்துவிட்டார். என் தொழிலை அவர் எனக்கே செய்து காட்டியதில் கோபம் வந்தது. ஆனால் அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் கொடுத்திருக்க மாட்டேன்.

2

அன்று சாயங்காலம் மகளை உட்காரவைத்துக் கேட்டேன். கம்ப்யூட்டர் கட்டப்போகிறாளாம். கட்டுவது என்றுதான் இங்கே சொல்கிறார்கள், வீடு கட்டுவது போல. பாகங்களைத் தனித்தனியாக வரவழைத்துத் தானே பூட்டப்போகிறாள். கோடையில் ஐஸ்கிரீம் கடையில் நின்று சேர்த்த காசு.

"கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறதே. வாங்கிவந்து மின்சாரத்தில் சொருகினால் வேலை முடிந்தது. கெட்டுப்போனால் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்றேன்.

நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் உரையாடல் இப்படித்தான் இரண்டு தண்டவாளங்களில் ஓடும். எங்கேயாவது ஒரு தமிழ்ச் சொல் அவள் வாயிலிருந்து தவறி விழுந்தால் என் மனைவியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். அன்று அவள் சொன்ன பதில் தமிழில் இருந்தது.

"உள்ள என்ன இருக்குன்னு காட்டாத பெட்டியை எப்படி நம்பறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் அத்தாவின் வசனம். அத்தா இறந்தபோது இவளுக்கு விவரம் தெரியாத வயது. அவரோடு உட்கார்ந்து பேசியதே கிடையாது. யார் இவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்?

அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அறைக்குள் தொலைபேசியில் யாரிடமோ தணிந்த குரலில் பேசுகிறாள். என் காலடி கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. என் மனைவி மெஹரிடம் சொன்னால், "உங்களுக்கு உங்க அத்தா புத்தி" என்று முடித்துவிட்டாள். புத்தி அத்தாவுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அத்தா சந்தேகப்பட்ட மூட்டைகளில் பாதிக்கு மேல் அவர் சந்தேகம் சரியாக இருந்தது.

3

அத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தை நாளில் முதல் பஸ் பிடித்து மலைமேல் செம்மேட்டுக்குப் போவார். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என்று மலைக் கிராமங்களிலிருந்து வரும் மிளகை வாங்கிக் கீழே கொண்டுவருவார். சட்டைப் பையில் பேனா இருக்காது, குத்தூசி இருக்கும். மூட்டைக்குள் குத்தி நடுவிலிருந்து கொஞ்சம் சரக்கை எடுத்துப் பார்க்கும் இரும்பு ஊசி. வாய் தைத்த மூட்டை என்றால் கொடுத்தவர் சொந்த மச்சானாக இருந்தாலும் தையலைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டு, அடிச் சரக்கை அள்ளிப் பார்ப்பார். பப்பாளி விதை கலந்திருக்கிறதா, ஈரம் போகாமல் அள்ளிக் கட்டியிருக்கிறார்களா என்று அவர் விரலுக்குத் தெரியும். மலைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர் தராசை நம்பாமல் வீட்டிலேயே படியால் அளந்துவைத்துக்கொண்டுதான் வருவார்கள். இரண்டு பக்கமும் சந்தேகம் இருந்ததால் வியாபாரம் ஒழுங்காக நடந்தது.

ஒன்றை மட்டும் அவருக்குப் பகையாக இருந்தவர்களும் ஒத்துக்கொள்வார்கள். விற்கும்போது சரக்கில் குறை இருந்தால் முதலில் அதைத்தான் சொல்வார். பொய் சொன்னால் நாக்கு மரத்துப்போகும் என்று உண்மையாகவே நம்பினார்.

என் தங்கை நூர்ஜகான் என்னைவிட எட்டு வயது இளையவள். நாமக்கல்லில் கம்ப்யூட்டர் படித்தாள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வேகமாகத் தட்டச்சு செய்வாள். படிப்பு முடிந்ததும் பெண் கேட்டு வர ஆரம்பித்தார்கள். அவளோ செம்மேட்டில் ஒரு டைப்பிங் சென்டர் வைக்கப்போகிறேன் என்று நின்றாள். அப்போது மலைமேல் அப்படி ஒன்றுகூட இல்லை. சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், மனு எழுத வேண்டிய மலைக்காரர்கள் எல்லோரும் ஒரு தாள் அடிக்க எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டியிருந்தது. ஜெயராணி டீச்சர் என்று தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்மணி, அங்கே பள்ளியில் வேலை பார்த்தவர், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையைக்கூடப் பார்த்துவைத்திருந்தார்.

அத்தா சாப்பிடாமல்கூட யோசித்தார். பிறகு, நான் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்த 2001 கோடையில், எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார்.

"போ கண்ணு. வேண்டாங்கல. ஆனா மெஷின் ஓடற வரைக்குந்தான் கடை. அது நின்ன அன்னைக்குக் கடையச் சாத்திப்போட்டு ஊட்டுக்கு வந்துரோணும். அப்புறம் நான் பாக்கற மாப்பிள்ளைக்குத் தலையாட்டோணும். செரியா?"

"செரிங்க அத்தா" என்றாள் நூரு. அவள் தலை குனிந்திருந்தது. ஆனால் கால் விரல் தரையில் தாளம் போட்டதை நான் பார்த்தேன்.

அவள் வாழ்க்கை ஒரு கம்ப்யூட்டரின் ஆயுளில் மாட்டிக்கொண்டது. அதை வாங்கித்தருவது என் பொறுப்பு.

4

நாமக்கல்லில் இரண்டு இடம் பார்த்தோம். நான், அத்தா, நூரு.

முதலாவது, ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடி. குமரவேல் என்ற இளைஞர் பாகங்களை வாங்கிப் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அசெம்பிள்டு என்பார்கள். நாளிதழ் விரித்த மேசையில் பச்சைத் தகடுகள் கறிவேப்பிலைக் கட்டு மாதிரி கிடந்தன. வாய் ஓயவில்லை அவருக்கு.

"ஏனுங்கண்ணா, கம்பெனிக்காரன் போடற அதே போர்டுதானுங்க இது. அவன் மேல பேர ஒட்டறான், நான் ஒட்டறதில்லீங்க. மெமரி டபுளாப் போட்டுத் தாரனுங்க. ஹார்ட் டிஸ்க்கும் பெருசு."

"பில்?"

"பில்லு எதுக்குங்கண்ணா? நாந்தான் இருக்கறனல்லங்க."

"நாளைக்கு நீங்க திருப்பூருக்குப் போயிட்டா?"

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மெமரித் தகடு ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் ஓரத்தில் தூசி. புதுச் சரக்கில் தூசி எப்படி வரும்? யாருடைய பழைய கம்ப்யூட்டரிலிருந்தோ உருவியது என்று முடிவுகட்டினேன். அத்தாவுக்கோ அந்த இடம் பிடித்துவிட்டது. பூட்டிவைத்திருந்த ஒரு பெட்டியைக் கேட்ட உடனே குமரவேல் திறந்து காட்டிவிட்டார், அதுதான் காரணம்.

இரண்டாவது, கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள ஷோரூம். டை கட்டிய விற்பனையாளர். சீல் வைத்த பெட்டி, அச்சடித்த பில், முறையான மென்பொருள், ஒரு வருட உத்தரவாதம். பழுதானால் இருக்கும் இடத்துக்கே வந்து சரிசெய்வார்களாம்.

"கொல்லிமலைக்கு வருவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு புத்தகத்தைப் புரட்டினார். "நாமக்கல் டவுன் லிமிட் வரைக்கும் சார். நீங்க மெஷினைக் கீழ கொண்டுவந்துட்டா பாத்துக் குடுத்துருவோம்."

அத்தா அதுவரை நின்றுகொண்டே இருந்தார், நாற்காலி போட்டும் உட்காரவில்லை. இப்போது பெட்டியைத் தட்டிப் பார்த்து, "இதைத் தொறந்து காட்டுங்க" என்றார்.

"கம்பெனி சீல் சார். நாங்களே தொறக்க மாட்டோம்."

"தொறக்காத மூட்டைய நான் வாங்குனதே இல்லீங்களே."

"அத்தா, இது மூட்டை இல்லீங்க" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"உள்ள என்ன இருக்குதுன்னு காட்டாத பொட்டிய எப்பிடி நம்பறது?" என்றார் அத்தா. விற்பனையாளர் டையைச் சரிசெய்துகொண்டு சுவரைப் பார்த்தார்.

பஸ் நிறுத்தத்தில் நூரு மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, எனக்கு ரிப்பேர் பண்ண முடியற மெஷினா இருந்தா நல்லதுங்கண்ணா."

"ரிப்பேரே வராத மெஷின் வாங்கித் தரேன்" என்றேன். வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்குச் சீல் மேல் ஒரு மரியாதை இருக்கும். மறுநாள் ஷோரூமுக்குப் போய் வாங்கிவிட்டேன்.

5

பெட்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, மலைமேல் மின்சாரம் ஏறி இறங்கும் என்பதால் ஸ்டெபிலைசர் வாங்கக் கிளம்பினேன். திரும்பி வந்தபோது கூடத்தில் பாய் விரித்திருந்தது. பாய் நடுவில் கம்ப்யூட்டர் பக்கவாட்டு மூடி இல்லாமல் வயிற்றைத் திறந்துகொண்டு நின்றது. அத்தா அதற்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தார். நூரு ஒரு கிண்ணத்தில் திருகாணிகளை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டாள், பொறுப்பில் பங்கு வேண்டாம் என்று.

"பாதிப் பொட்டி காத்துப்பா" என்றார் அத்தா என்னைப் பார்த்ததும். "நீயே பாரு. இத்தனூண்டு சரக்குக்கு இம்புட்டுப் பெரிய பொட்டி. உன்னைய நல்லா ஏமாத்தியிருக்கறான்."

"அது காத்து போறதுக்குங்க அத்தா. உள்ள சூடாகும்."

"மிளகு மூட்டைல பாதி காலியா வெச்சு, காத்துப் போறதுக்குன்னு சொன்னா நீ எடுத்துக்குவியா?"

பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். மூடியும் சட்டமும் சேரும் இடத்தில் ஒட்டியிருந்த வெள்ளிநிறச் சீட்டு இரண்டாகக் கிழிந்திருந்தது. பக்கத்தில் குத்தூசி கிடந்தது.

"இதுல என்ன எழுதியிருக்குதுன்னு தெரியுமாங்க?"

"தெரியும். நூரு படிச்சுச் சொல்லுச்சு. தொறந்தாக் கம்பெனி பொறுப்பில்லைன்னு போட்டிருக்கறான். அப்பிடி எழுதி ஒட்டோணும்னா உள்ள என்னத்தையோ வெச்சிருக்கறான்னுதானே அர்த்தம்? அதுக்குத்தான் தொறந்தேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடை நடக்க மெஷின் ஓட வேண்டும், மெஷின் ஓட உத்தரவாதம் வேண்டும். உத்தரவாதத்தை, நிபந்தனை போட்ட அவரே குத்தூசியால் கிழித்துவிட்டார். வேண்டுமென்றே செய்தாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பெற்ற தகப்பனை அப்படி நினைத்தேன். நினைத்ததை நெடுநாள் விடவும் இல்லை.

நூரு மட்டும் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

மூடியை மறுபடி பூட்டி, பஸ்ஸில் என் மடியில் பெட்டியும் அத்தா மடியில் மானிட்டருமாக மலையேறினோம். கண்டக்டர் வெடிகுண்டு கொண்டுபோகிறவர்களைப் பார்ப்பது போலப் பார்த்து, இரண்டுக்கும் தனித்தனியாக லக்கேஜ் போட்டார். ஒவ்வொரு வளைவிலும் பெட்டிக்குள் ஏதோ கடகடத்தது. எனக்கு மட்டும் கேட்டதோ என்னவோ.

கடை பிடித்துக்கொண்டது. ஜெயராணி டீச்சர் கேள்வித்தாள் கொண்டுவந்தார். மற்ற ஆசிரியர்களையும் அனுப்பினார். மலைக்காரர்கள் மனு அடிக்க வந்தார்கள். அடித்து முடித்ததும், "நாஞ் சொன்னதுதான் இருக்குதா, படி சாமி, கேக்கலாம்" என்று தாளை அவளிடமே நீட்டுவார்கள். முழுக்கப் படித்துக் காட்டினால்தான் கைநாட்டு விழும். அவர்களை எனக்கு மிகவும் பிடித்தது.

நான் இங்கே திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசி அட்டையின் எண்களைச் சுரண்டி ஊருக்குப் பேசுவேன்.

"மெஷின் ஓடுதா நூரு?"

"ஓடுதுங்கண்ணா."

"அத்தா?"

"கடையிலதானுங்க வந்து உக்காந்துக்கறாரு."

சந்தை நாளில் மிளகு வாங்கி முடித்ததும் அத்தா நேரே கடைக்கு வந்து, நாற்காலியைத் திரைக்கு எதிரில் போட்டு, கடைசி பஸ் வரை உட்கார்ந்திருப்பாராம். "எதுக்குங்க அத்தா அங்க போயி உக்காந்துக்கறீங்க?" என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன். "பாக்கறேன்" என்றார். எதைப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். அது எப்போது நிற்கும் என்று பார்க்கிறார்.

மாதங்கள் போயின, வருஷங்கள் போயின. ஓடுது, ஓடுது. இங்கே குளிரூட்டிய கிடங்கில், இமைக்காத மின்சாரத்தில், எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர் வாரத்துக்கு ஒருமுறை மூச்சை நிறுத்துகிறது. அங்கே மழைக்கும் இடிக்கும் நடுவில், சீல் கிழிந்த ஒரு பெட்டி நிற்காமல் ஓடுகிறதாம். எந்தச் சரக்கும் இவ்வளவு சுத்தமாக இருக்காது. எதையோ மறைக்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் தோண்டிக் கேட்டால், அந்தப் பக்கம் அத்தா காதில் விழுந்தால், என்ன ஆகும்? கேட்காமல் விட்டேன்.

அத்தா இறந்தபோது கடைக்கு மூன்று வயது. நூருவின் கல்யாணம் அதற்கு முந்தைய வருஷமே நடந்தது. அவளுக்குப் பிடித்த இடம், கடையை விடச்சொல்லாத மாப்பிள்ளை. நிபந்தனையை அத்தா கடைசிவரை வாய்விட்டுத் திரும்பப் பெறவில்லை. இப்போது அங்கே மூன்று கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன.

7

போன சனிக்கிழமை காலை மாடிப்படியில் ஏறும்போது என் காலடி எனக்கே கேட்காதபடி ஏறினேன். வயதுப் பெண்ணின் அறை வாசலில் ஒட்டுக்கேட்பது அழகில்லை என்று தெரியும். கேட்டேன்.

உள்ளே என் மகள் தமிழ் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாங்க. போட்டுட்டேங்க. லைட்டு வருது, படம் வரலீங்க."

அந்த ஒரு வசனம் தவிர எங்களிடம் மூன்று சொல் சேர்ந்தாற்போல் தமிழில் பேசாத பெண், யாரோ ஒருவரிடம் ஊர்ப் பக்கத்து 'ங்க' போட்டுப் பேசுகிறாள். பொறுக்க முடியவில்லை. கதவைத் திறந்துவிட்டேன்.

தரையில் திறந்த பெட்டி, சுற்றிலும் அட்டையும் பாலிதீனும். தொலைபேசி ஒலிபெருக்கியில் கிடந்தது. அதிலிருந்து என் தங்கையின் குரல் வந்தது. "யாரு கண்ணு, அண்ணனா? வந்துட்டாரா?"

சமீனா என்னைப் பார்த்து, "மாமி" என்றாள் குற்றவாளி போல. அப்பாவின் தங்கையை எங்கள் வீட்டில் மாமி என்போம். அத்தாவின் வசனம் எந்த வழியாக இங்கே வந்தது என்று அப்போது விளங்கியது. மூன்று வாரமாக எந்தப் பாகத்தை வாங்குவது, எதை முதலில் பூட்டுவது என்று செம்மேட்டிலிருந்து பாடம் நடந்திருக்கிறது. அங்கே அப்போது கடை சாத்தும் நேரம்.

"என்கிட்ட எதுக்கு மறைச்சீங்க ரெண்டு பேரும்?"

"சொல்லியிருந்தா ரெடிமேடு வாங்குன்னு சொல்லியிருப்பீங்க. சும்மா இருங்கண்ணா, புள்ள வேலைய முடிக்கட்டும்" என்றாள் நூரு. "சாமி, மெமரியக் கழட்டிப்போட்டு மறுபடி வெச்சு அமுக்கு. ரெண்டு பக்கமும் கிளிக்குன்னு சத்தம் வரோணும். பயப்படாத. மொத மெஷின்லயிருந்து எனக்கு இதே ரோதனைதான்."

சமீனா கழற்றி வைத்து அழுத்தினாள். கிளிக், கிளிக். பொத்தானைத் தொட்டாள். திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக ஏறின. என் மகள் கத்தவில்லை, குதிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் என் காது வேறு இடத்தில் நின்றுவிட்டது.

"மொத மெஷின்லயா? அது நிக்கவே இல்லைன்னு சொன்னியே நூரு."

நூரு சிரித்தாள். "மூணாம் மாசமே நின்னுச்சுங்கண்ணா. அப்புறம் எத்தனையோ தரம். அன்னைக்கு அத்தா தொறந்தப்பப் பாத்து வெச்சதுதான், நானே தொறந்து நானே மாட்டிக்குவேன். ஆகாததுக்குக் குமரவேலண்ணன்கிட்ட வாங்கிட்டு வந்து போட்டுக்குவேன். நீங்க வாங்கிக் குடுத்ததுல இப்ப மூடி மட்டுந்தானுங்க மிச்சம்."

"அத்தாவுக்குத் தெரியாதா?"

"மொத தடவை நின்னப்ப அத்தா எதுத்தாப்புலதானுங்க உக்காந்திருந்தாரு."

சமீனா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ.

"சந்தை நாளு. மழைக்கு முன்னால ஒரே புழுக்கம். ஜெயராணி டீச்சர் கேள்வித்தாளுக்கு நிக்கறாங்க. வளப்பூர் நாட்டுக்காரங்க நாலஞ்சு பேரு மனுவுக்கு நிக்கறாங்க. திடீர்னு ஸ்கிரீன் கறுப்பாப் போச்சு. பட்டனை அமுக்கறேன், அமுக்கறேன், ஒண்ணும் வல்ல. அத்தா பாத்துக்கிட்டே இருக்கறாரு. கெளம்பு கண்ணுன்னு சொல்லப்போறாரு, அவ்வளவுதான்னு நெனச்சேன்."

"சொன்னாரா?"

"எந்திரிச்சு வாசப்படில போயி நின்னு, வந்தவங்ககிட்டக் 'கரண்ட் போச்சுங்க, நாளைக்கு வாங்க'ன்னாரு."

தொலைபேசியைத் தரையிலிருந்து கையில் எடுத்துக்கொண்டேன்.

"மேல ஃபேன் ஓடிக்கிட்டிருக்குதுங்கண்ணா. டீச்சர் நிமுந்து ஃபேனைப் பாத்தாங்க. அப்புறம் அத்தாவப் பாத்தாங்க. 'செரிங்க பாய், நாளைக்கே வாரோம்'னு சொல்லிப்போட்டு, நின்னவங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அத்தா உள்ள வந்து ஃபேனை நிறுத்துனாரு. கடைசி பஸ் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் வேர்த்துக்கிட்டே உக்காந்திருந்தோமுங்க."